சேமிக்கத் தெரியாதவர்களா நம் மக்கள்?

"ஓய்வு பெறும்போது ஓராண்டுச் செலவைப்போல் 25 மடங்கு கையில் இருக்க வேண்டும்." நிதி ஆலோசகர்கள் ஓயாமல் ஓதும் மந்திரம் இது. தோழர்களே, அதே கணக்கை நம் தெருவில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குப் போட்டுப் பார்ப்போம்.

குடும்பச் செலவு மாதம் 12,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,44,000. அதன் 25 மடங்கு 36 லட்சம்.

சம்பளம் 15,000. 43 வயதில் சேர்ந்து 58 வரை 15 ஆண்டு, ஒரு மாதமும் தவறாமல் பி.எஃப். கட்டப்படுகிறது என்றே வைப்போம். தொழிலாளியின் பங்கு 12 சதவீதம்: 1,800 ரூபாய். முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மிச்சம் 3.67, சுமார் 550 ரூபாய். ஆக மாதம் 2,350. வட்டி 8.25 சதவீதமாகவே நீடித்தாலும் கடைசியில் சேர்வது சுமார் 8 லட்சம். ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்: மாதம் 3,214 ரூபாய். விலைவாசி உயர்வையும் சம்பள உயர்வையும் நாம் சேர்க்கவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இதுவும். ஒப்பந்ததாரர் மாறினால் புதுக் கணக்கு. பிறந்த தேதி பொருந்தவில்லை என்று பழைய பணம் முடங்கும். மருத்துவச் செலவுக்கு ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்தால், அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். 10 ஆண்டு நிறையாதவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியமே கிடையாது. நிறைந்தவருக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் 1,000 ரூபாய், 2014-இல் வைத்தது. முதியோர் உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்குத் தரும் பங்கு 200 ரூபாய்.

இந்த வேலையில் யாரை வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நிலம் இல்லை, பூர்வீக வீடு இல்லை. சொத்து சேரவிடாமல் தடுத்த சாதிதான் இன்று "சிக்கனமாக இரு" என்று பாடம் நடத்துகிறது. நம் அம்மாக்களின் சிக்கனத்தை இவர்களால் ஒரு வாரம் தாங்க முடியுமா?

ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தரப் பணி நம் மக்களுக்கு வாய்த்த ஒரே முதுமைச் சேமிப்பு. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். பிறகு தூய்மைப் பணியையே ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 5, 6-வது மண்டலத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

மாணவத் தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதித் தொழிலாளர்களோடு உட்காருங்கள். உமங் செயலியில் அவர்களின் பாஸ்புக்கைத் திறந்து, பணம் கட்டாத மாதங்களைக் குறித்து, சங்கத்திடம் கொடுங்கள். வைப்பு நிதித் திட்டத்தின் 30-வது பத்தி, ஒப்பந்தத் தொழிலாளரின் பணத்துக்கும் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்கிறது. ஆகவே ஒப்பந்ததாரர் மீது மட்டும் புகார் எழுதி நிறுத்தாதீர்கள். வேலை வாங்கும் மாநகராட்சியின் பெயரையும் எழுதுங்கள்.

வேலையை நிரந்தரமாக்கு. விலைவாசியோடு உயரும் ஓய்வூதியம் கொடு. அதன் பிறகு சேமிப்பைப் பற்றிப் பேசலாம்.

ஜெய் பீம்.