அஞ்சல் ஊழியர் போராட்டமும் தமிழ்க் குடும்பங்களும்

கனடாவில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஏறத்தாழ 55,000 அஞ்சல் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். நத்தார் பண்டிகைக்கான பொதிகள் மலைபோற் குவியும் காலம் அது. கடவுச்சீட்டுகள் அனுப்பப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. இணையவழி வணிகம் செய்த சிறு வணிகர்கள் தம் பொருள்களை அனுப்ப வழியின்றித் தவித்தனர். 32 நாள்களின் பின்னர், தொழிற் சட்டக்கோவையின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தி அரசு ஊழியர்களைப் பணிக்குத் திரும்ப வைத்தது. ஆனால் சிக்கல் தீரவில்லை. வீட்டு வாசல்வரை கடிதம் கொண்டு செல்லும் முறையைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2025 செப்ரெம்பர் 25ஆம் நாள் அரசு அறிவித்தது. அன்றே நாடளாவிய பணிப்புறக்கணிப்பு மீண்டும் வெடித்தது. ஒக்ரோபர் 11 முதல் அது சுழற்சி முறையிலான போராட்டமாக மாறியது. டிசம்பரிலேயே இரு தரப்பினரும் தற்காலிக உடன்பாடுகளை எட்டினர்.

இக்காலத்தில் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு குரல்கள் கேட்டன. "இந்தக் காலத்தில் கடிதம் யாருக்கு வேண்டும்? எல்லாமே மின்னஞ்சலில் வருகிறதே" என்பது இளையோரின் குரல். "நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தும் இவர்களுக்கு என்ன குறை?" என்பது பெற்றோரின் குரல். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே அடிப்படையான கேள்வியைத் தொடவில்லை. ஒரு நாட்டின் ஒவ்வொரு வாசலையும் சென்றடையும் செலவை யார் சுமப்பது என்பதே அக்கேள்வி.

எண்கள் சொல்லும் உண்மை

2006ஆம் ஆண்டில் கனடா போஸ்ட் சுமந்த கடிதங்கள் ஏறத்தாழ 550 கோடி. இன்று அது ஆண்டுக்கு 200 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. அன்று ஒரு வீட்டிற்குக் கிழமைக்கு ஏழு கடிதங்கள் வந்தன. இன்று வருபவை இரண்டு மட்டுமே. அதே வேளையில் முகவரிகள் ஆண்டுதோறும் பெருகி, ஒரு கோடியே எழுபது இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஊழியர் நடக்க வேண்டிய தெரு சுருங்கவில்லை. அவர் தோளில் தொங்கும் பையே இளைத்துவிட்டது. இரண்டு கடிதங்களுக்காக நடந்தாலும் ஏழு கடிதங்களுக்காக நடந்தாலும் கால்நோவும் கூலியும் ஒன்றுதான். இந்த எளிய கணக்கே நட்டத்தின் வேர்.

பொதிகள் கைகொடுத்திருக்கலாம். ஆனால் 2019இல் பொதி விநியோகத்தில் 62 விழுக்காடாக இருந்த கனடா போஸ்டின் பங்கு, 2023இல் 30 விழுக்காட்டிற்கும் கீழே சரிந்தது. தனியார் நிறுவனங்கள் இலாபம் தரும் நகரங்களையும் நாள்களையும் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். கனடா போஸ்டிற்கு அந்த உரிமை இல்லை. ஸ்காபரோவின் அடுக்குமாடிக்கும் நுனாவுட்டின் பனிக்கிராமத்திற்கும் ஒரே விலை முத்திரையில் கடிதம் சேர்க்க வேண்டியது அதன் கடமை. 2018 முதல் அந்நிறுவனம் இழந்த தொகை 500 கோடி டொலருக்கும் மேல். 2025 ஜனவரியில் 100 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட கடனை அரசு அதற்கு வழங்க நேர்ந்தது.

எனவே மாற்றமே வேண்டாம் என்று எவரும் நேர்மையாக வாதிட முடியாது. வில்லியம் கப்லன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணைக்குழு 2025 மே மாதத்தில் அளித்த அறிக்கையும் இதையே கூறியது. வாசல்வரை விநியோகத்தைக் கைவிட்டு, பல வீடுகளுக்குப் பொதுவாகத் தெருமுனையில் நிறுவப்படும் பூட்டிய பெட்டிகளுக்கு மாறலாம் என்று அது பரிந்துரைத்தது. அதே அறிக்கை, அஞ்சற்சேவை பொது நிறுவனமாகவே காக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. முன்னதைப் பேசியவர் பலர். பின்னதைப் பேசியவர் சிலர்.

போராட்டங்கள் பெற்றுத் தந்தவை

அஞ்சல் ஊழியரைக் குறைகூறும் முன்னர் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நன்று. 1965ஆம் ஆண்டு அவர்கள் சட்டத்தை மீறி நடத்திய வேலைநிறுத்தம், கனடாவின் அரச ஊழியர்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைப் பெறுவதற்கு வழி திறந்தது. 1981இல் 42 நாள்கள் நீடித்த போராட்டத்தின் பயனாக 17 கிழமைகள் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்புக் கிடைத்தது. பின்னர் அது பிற துறைகளுக்கும் பரவியது. இன்று மகப்பேற்று விடுப்பில் வீட்டிலிருந்து குழந்தையைத் தாலாட்டும் தமிழ்த் தாய்மார் பலர், அந்தப் போராட்டத்தின் பயனை அறியாமலேயே நுகர்கின்றனர்.

கிராமங்களிலும் நகர்ப்புறத்தின் ஓரங்களிலும் கடிதம் சேர்த்தவர்களின் கதை இன்னும் கவனத்திற்குரியது. அவர்கள் நீண்ட காலமாக ஊழியராகவே கருதப்படவில்லை. வெறும் ஒப்பந்தக்காரர்களாய், சொந்த வாகனத்தில், சொந்தச் செலவில் உழைத்தனர். 2004இல்தான் அவர்கள் ஊழியர் நிலையையும் முதற் கூட்டு ஒப்பந்தத்தையும் பெற்றனர். பெரும்பாலும் பெண்களான அவர்களுக்கு நகர ஊழியருக்கு நிகரான ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்ற தீர்ப்பு வர 2018 ஆயிற்று.

இளையோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. இன்று பல்கலைக்கழகக் கட்டணத்திற்காக மாலை வேளைகளில் பொதி விநியோகம் செய்யும் மாணவன் யார்? கைபேசிச் செயலி காட்டும் வழியில், தன் சொந்தக் காரில், தன் சொந்த எரிபொருளில் ஓடுபவன். நோயுற்றால் விடுப்பில்லை, முதுமைக்கு ஓய்வூதியமில்லை. 2004க்கு முன் கிராமத்து அஞ்சல்காரர் நின்ற இடத்தில்தான் இன்று அவன் நிற்கின்றான். வார இறுதிப் பொதி விநியோகத்தைப் பகுதிநேர ஊழியரைக் கொண்டு நடத்த நிர்வாகம் விரும்பியதும், முழுநேர வேலைகள் கரைந்துவிடும் எனத் தொழிற்சங்கம் எதிர்த்ததும் இதன் காரணமாகவே. அஞ்சல் ஊழியரின் சம்பளத்தைக் கீழே இழுப்பதால் இம்மாணவன் உயரப் போவதில்லை. அவன் ஏற வேண்டிய ஏணியின் படியே உடைந்து போகும்.

பிற நாடுகள் காட்டும் பாதை

புலம்பெயர் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் இதே புயல் வீசுகின்றது. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய அரச அஞ்சல், 2025 டிசம்பர் 30ஆம் நாள் தன் கடைசிக் கடிதங்களை விநியோகித்துவிட்டு அப்பணியை நிறுத்திக்கொண்டது. கடிதங்கள் தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறின. பிரித்தானியாவில் றோயல் மெயில் 2013இல் தனியார்மயமானது. 2022ஆம் ஆண்டில் ஊழியர்கள் 18 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2025இல் அந்நிறுவனம் செக் நாட்டுச் செல்வந்தர் ஒருவரின் குழுமத்திற்கு உடைமையாயிற்று. அதே ஆண்டு யூலை முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாளே விநியோகிக்கப்படுகின்றன.

டென்மார்க்கைப் பின்பற்றலாம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அங்கே அரச மடல்கள் ஒவ்வொரு குடிமகனுக்கும் மின்வழியே சென்றடைவதற்கான ஏற்பாடு பல ஆண்டுகளாக வேரூன்றியிருந்தது. கனடாவில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. கனடா போஸ்ட் நடத்திவந்த மின்மடற் சேவைகூட 2022ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. புதிய பாலத்தைக் கட்டாமல் பழைய பாலத்தை இடிப்பது மதியுடைமை ஆகாது.

முதியோரின் வாசல்

தொலைபேசி இல்லாத ஊர்களிலிருந்து வந்த நீல நிற வான்கடிதத்திற்காக வாசலில் காத்திருந்த தலைமுறை இன்று முதுமையடைந்துள்ளது. அத்தலைமுறையின் கைக்கு இன்று வருவது உறவினரின் மடலன்று. ஓய்வூதியக் காசோலை, மருத்துவமனைச் சந்திப்புக்கான அறிவித்தல், வரித் திணைக்களத்தின் கடிதம். ஆங்கிலமும் கணினியும் ஒருங்கே தடையாக நிற்கும் முதியவருக்கு, காகிதத்தில் வரும் மடலே அரசுடன் அவரைப் பிணைக்கும் கயிறு. பேரப்பிள்ளை பாடசாலை முடிந்து வந்து அதைப் படித்துச் சொல்லும். வேலைநிறுத்தக் காலத்திலும் அரச உதவிக் காசோலைகளை மட்டும் கொண்டு சேர்க்க ஊழியர்கள் இணங்கினர் என்பதை இங்கு நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

இன்னமும் வாசலில் கடிதம் பெறும் முகவரிகள் ஏறத்தாழ 40 இலட்சம். இவற்றைத் தெருமுனைப் பெட்டிகளுக்கு மாற்றினால் ஆண்டுக்கு 40 கோடி டொலர் மிச்சமாகும் என்று அரசு கணக்கிட்டுள்ளது. கனடியரில் நான்கில் மூன்று பங்கினர் முன்னரே இத்தகைய பொதுப் பெட்டிகளிலேயே கடிதம் பெறுகின்றனர் என்பதும் உண்மையே. ஆகவே இம்மாற்றத்தைப் பேரழிவென்று கூறுவது மிகை. ஆனால் ஜனவரி மாதத்து உறைபனியில், ஊன்றுகோலுடன் தெருமுனைவரை நடக்க வேண்டிய எண்பது வயது மூதாட்டிக்கு அந்த மிச்சக் கணக்கு ஆறுதல் தராது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உடற்குறை காரணமாகத் தெருமுனைப் பெட்டியை அணுக முடியாதோருக்குக் கனடா போஸ்ட் சிறப்பு ஏற்பாடுகளைச் செய்து தருகின்றது. கிழமைக்கு ஒருமுறை வீட்டிற்கே கடிதம் கொண்டு வரக் கோரி விண்ணப்பிக்கலாம். இதை அறியாத முதியோர் பலர். பெற்றோருக்காக இவ்விண்ணப்பத்தை நிரப்புவது பிள்ளைகளின் கடமை.

இரண்டாவதாக, தொழிற்சங்கமும் காலத்தை உணர வேண்டும். பொதி வணிகம் வார இறுதியில் ஓய்வதில்லை. அதை முழுநேர உரிமைகளுடன் எவ்வாறு நடத்துவது என்பதைச் சங்கமே முன்மொழிந்தால் மக்களின் ஆதரவு பெருகும்.

மூன்றாவதாக, அரசு ஒவ்வொரு முறையும் சட்டத்தைக் காட்டிப் பேச்சுவார்த்தையை முறிப்பது தீர்வாகாது. 2011இல் ஊழியரைப் பணிக்குத் திருப்பிய சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று ஒன்ராறியோ நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. உரிமை மறுக்கப்பட்ட மண்ணிலிருந்து வந்த மக்கள், புகுந்த மண்ணில் பிறரின் உரிமை பறிக்கப்படும்போது வேடிக்கை பார்ப்பது பொருந்துமா?

நிறைவாக ஒன்று. ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உள்ள உறுப்பினருக்கு எழுதும் கடிதத்திற்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை. பாட்டி தமிழில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுத, ஒவ்வொரு தமிழ் வீட்டிலிருந்தும் ஒரு கடிதம் புறப்படட்டும். கடிதத்தின் எதிர்காலத்தைப் பற்றிய கருத்தைக் கடிதத்தின் வழியாகவே சொல்வதைவிடச் சிறந்த வழி வேறென்ன?