மலை மேய்ப்பனுக்குப் பட்டா எங்கே?

"காஷ்மீர் மலையில் ஆடு மேய்க்கிறவனைப் பற்றிக் காஞ்சிபுரத்துத் தறிக்காரன் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். "அவர்கள் முஸ்லிம்கள். காட்டை ஆக்கிரமித்தவர்கள். ஊர் பேர் இல்லாமல் திரிகிறவர்கள்" என்று காதோடு காதாகச் சேர்த்தும் சொல்கிறார்கள். கேள்வியிலும் விஷம், சேர்க்கையிலும் விஷம். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

யார் இந்த ஜனங்கள்? எருமை வளர்க்கும் குஜ்ஜர்கள். செம்மறியும் வெள்ளாடும் மேய்க்கும் பக்கர்வால்கள். ஜம்மு-காஷ்மீரில் 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி குஜ்ஜர்கள் சுமார் 9 லட்சத்து 80 ஆயிரம் பேர். பக்கர்வால்கள் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேர். பேசுவது கோஜ்ரி மொழி. 1991-ல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பக்கர்வால்களின் பிழைப்பே நடைதான். குளிர்காலம் முழுவதும் ரஜௌரி, பூஞ்ச், கதுவா பக்கத்து அடிவாரங்களில் கிடப்பார்கள். சித்திரை வெயில் ஏறியதும் ஆடு, குதிரை, காவல் நாய், சட்டி பானை, கைக்குழந்தை சகிதம் கிளம்புவார்கள். பீர் பஞ்சால் மலையில் 11,000 அடிக்கு மேலே உள்ள கணவாய்களைத் தாண்டி, பனி உருகிப் புல் முளைக்கும் மேட்டுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அங்கே கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டிய குடிசையில் கோடையைக் கழித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் இறங்குவார்கள். வழியில் அகாலப் பனி கொட்டினால் ஒரே ராத்திரியில் மந்தை போய்விடும். மந்தை போனால் குடும்பத்தின் முதல் முழுவதும் போயிற்று.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சை வயல்களில் கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கையை எருவாகத் தந்து, அடுத்த ஊருக்கு நடப்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். கீதாரியை யாராவது ஆக்கிரமிப்பாளன் என்பார்களா? கிடை போட்ட வயலில் நெல் விளைந்ததும் அவன் பெயரை மறப்பார்கள், அது வேறு விஷயம்!

சரி, மதத்துக்கு வருவோம். அவர்கள் ஸுன்னி முஸ்லிம்கள். புல்மேட்டில் துணி விரித்துத் தொழுகிறார்கள். கங்கன் பக்கத்து வாங்கத் கிராமத்தில் பாபா ஜீ சாகிப் லார்வியின் தர்கா உரூசுக்குக் கூடுகிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வடகலையா தென்கலையா என்று நூறு வருஷத்துக்கும் மேலாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிற காஞ்சியில் இருந்துகொண்டு, மலையில் தொழுகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பது வேடிக்கைதான். நாம் தறியில் ஏற்றும் பட்டு நூலைக் கர்நாடகத்து ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் கொதிநீரில் கைவிட்டு இழைத்தெடுப்பவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம் தொழிலாளிகள். அந்த நூலில் நெய்த சேலையோடு முகூர்த்தம் தடையில்லாமல் நடக்கிறது!

மதம் வெறும் சாக்கு. குறி நிலம். 2018 ஜனவரியில் கதுவா ஜில்லா ரஸானா கிராமத்தில், குதிரை மேய்க்கப் போன எட்டு வயது பக்கர்வால் குழந்தையைக் கடத்தி, கோவிலில் அடைத்து வைத்துக் கெடுத்துக் கொன்றார்கள். காரணம் என்ன? பக்கர்வால்களை அந்த வட்டாரத்திலிருந்தே விரட்டுவது என்று போலீஸின் குற்றப்பத்திரிகையே சொல்லிற்று. அந்தக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யவிடாமல் கோர்ட்டு வாசலில் மறித்தவர்கள் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள்! குற்றவாளிகளுக்காகத் தேசியக் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு வழக்கைப் பதான்கோட்டுக்கு மாற்றியது. 2019 ஜூனில் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குழந்தையை அந்த ஊரில் புதைக்கவும் விடவில்லை. வேறு ஊருக்குத் தூக்கிப் போய்த்தான் அடக்கம் செய்தார்கள்.

"சட்டம் கொடுத்துவிட்டோமே" என்பார்கள் சர்க்கார் தரப்பார். ஆம், 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மேய்ப்பர்களின் மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஜம்மு-காஷ்மீரில் அது செல்லுபடியானது 2019 அக்டோபர் 31 முதல். மாநில அந்தஸ்தைப் பறித்துவிட்டு, "இனிமேல் பழங்குடிக்கு விடிவு" என்றார்கள். விடிவு எப்படி வந்தது? 2020 நவம்பரில் பஹல்காம் பக்கத்துக் காட்டில் அதே குஜ்ஜர், பக்கர்வால்களின் குடிசைகளை வன இலாகா இடித்துத் தள்ளியது. சட்டம் இருந்தது, குடிசை இல்லை! கூச்சல் எழுந்த பிறகு, 2021 செப்டம்பரில்தான் சிலருக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆடு காட்டை அழிக்கிறதாம். ஆடு இளங்கன்றைக் கடிக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இமயமலைத் தேவதாருக்களை அறுத்து ரயில் பாதைக்குக் கட்டை போட்டது ஆடா, வெள்ளைக்காரனா? பட்காம் ஜில்லாவில் தோஸமைதான் என்ற அருமையான புல்வெளியை 1964 முதல் 2014 வரை பீரங்கிப் பயிற்சிக்குக் கொடுத்தது மேய்ப்பனா? வெடிக்காமல் கிடந்த குண்டுகளில் கை, கால், உயிர் இழந்தவர்கள் மேய்ச்சலுக்குப் போன ஏழைகளும் அவர்கள் குழந்தைகளும்.

தேசபக்திக்குச் சர்ட்டிபிகேட் கேட்கும் வழக்கம் நமக்குப் பிடிக்காது. கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறோம்: 1965 ஆகஸ்டில் எல்லை தாண்டி ஆயுதத்தோடு நுழைந்தவர்களைக் கண்டு, தங்மார்க் போலீசுக்கு ஓடிச் சொன்னவர் முகம்மது தீன் என்ற குஜ்ஜர் மேய்ப்பர். அதற்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பதக்கம் கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்குப் பட்டா கொடுக்கத் தெரியவில்லை.

இது மலையோடு நிற்கிற சங்கதியும் அல்ல. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று சென்னை ஹைக்கோர்ட்டு தடை போட்டது. மேற்குமலை அடிவாரத்து மலைமாட்டுக்காரர்கள் திகைத்து நின்றார்கள். அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கினார்கள்.

பிள்ளையார்பாளையத்துக் கூலி நெசவாளியைக் கேளுங்கள். வாடகை வீட்டில் குழி தோண்டித் தறி போட்டவன் அவன். வீட்டுக்காரன் காலி செய் என்றால், குழியை முதுகில் தூக்கிக்கொண்டா போவான்? காலமெல்லாம் உழைத்த இடத்தில் பாத்தியதை இல்லாத பிழைப்பு என்ன என்று அவனுக்குத் தெரியும். கனவான்களுக்கு அது தெரியாது.

மேய்ச்சல் பாதைகளையும் புல்வெளிகளையும் சர்க்கார் ரிக்கார்டில் ஏற்ற வேண்டும். மந்தையோடு கூட நடக்கும் பள்ளிக்கூடமும் கால்நடை வைத்தியரும் காகிதத்தில் இருந்தால் போதாது. கணவாய் வரைக்கும் வர வேண்டும். பனியில் மந்தை செத்தால் அந்த வருஷமே நஷ்டஈடு தர வேண்டும். இடித்த குடிசைகளை, இடித்த இலாகாவின் செலவிலேயே கட்டித் தர வேண்டும்.