பேரைக் கேட்டால் ஓட்டு தெரிந்துவிடுமா?

2024 தேர்தல் சமயம். நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்தின் கீழே ஒரு டீக்கடை. வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வந்த இளைஞர் ஒருவர், பக்கத்தில் நின்ற பெரியவரிடம் பேர் கேட்டார். பெரியவர் சொன்னதும் "சரி, கை" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பெரியவருக்குச் சுருக்கென்றது. "பேரத்தானே தம்பி கேட்டிய, ஓட்டக் கேக்கலயே."

குமரி மாவட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் நம்புகிற கணக்கு இதுதான்: இந்து என்றால் தாமரை, கிறிஸ்தவர் என்றால் கை. எண்ணியே பார்த்துவிடலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4 சொச்சம். 2019 மக்களவைத் தேர்தலில் விழுந்தவை ஏறக்குறைய 10.4 லட்சம் ஓட்டுகள். எல்லோரும் ஒரே அளவில் வாக்களித்ததாக வைத்துக்கொண்டால், இந்துக்களின் ஓட்டு மட்டுமே ஐந்து லட்சம் வரும். அதிமுக கூட்டணியோடு நின்ற பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் வாங்கியதோ 3,67,302. மிச்சம் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் யார்? அவர்களும் சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிக்கிறவர்கள்தான். அன்று 6,27,235 ஓட்டு வாங்கி ஜெயித்த காங்கிரசின் எச். வசந்தகுமாரும் அகஸ்தீஸ்வரத்து இந்துதான்.

"அப்படியானால் 2014-இல் பாஜக ஜெயித்தது எப்படி?" என்பார்கள். அந்த வருடம் காங்கிரஸ், அதிமுக, திமுக மூன்றும் தனித்தனியாக நின்றன. பாஜகவுக்கு 3,72,906. காங்கிரசுக்கு 2.44 லட்சம், அதிமுகவுக்கு 1.76 லட்சம், திமுகவுக்கு 1.18 லட்சம். ஜெயித்த வருடத்துக்கும் தோற்ற வருடத்துக்கும் பாஜகவின் ஓட்டில் ஆறாயிரம்கூட வித்தியாசம் இல்லை. எதிரே நின்றவர்கள் பிரிந்ததும் சேர்ந்ததும்தான் வித்தியாசம். 1999-லும் இதே கதை. பொன். ராதாகிருஷ்ணன் முதல்முறை ஜெயித்தபோது திமுக அவர் கூட்டணியில் இருந்தது. 2004-இல் திமுக அணி மாறியதும் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் அவரைத் தோற்கடித்தார்.

அடுத்து 2021 இடைத்தேர்தல். பாஜக ஓட்டு 4,38,087 ஆக ஏறியது. 2024-இல் அதிமுக விலகித் தனியே நின்றதும் 3,66,341-க்கு இறங்கியது. மூன்று வருடத்தில் எழுபதாயிரம் ஓட்டு வந்து போயிருக்கிறது. எழுபதாயிரம் பேர் மதம் மாறிவிட்டுத் திரும்பி வந்தார்களா என்ன?

"சர்ச் சொன்னால் கடற்கரை ஓட்டு மொத்தமாகப் போகும்" என்பது இன்னொரு பேச்சு. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தின் வடு இன்னும் மறையவில்லை. பங்குச் சாமியார் சொல்லுக்குக் கடற்கரையில் மதிப்பும் உண்டு. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலை விட்டுவிட்டு அந்த ஓட்டைப் பேசலாமா? தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அம்மாக்கள் மகன்களின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். கடற்கரை ஜனம் திரண்டு போய்க் குழித்துறையில் ரயிலை மறித்தது. அதற்கு முன்பே இனயம் துறைமுகத் திட்டம் அவர்கள் வயிற்றைக் கலக்கியிருந்தது. 2019-இல் அந்தக் கோபத்தோடு அவர்கள் போட்ட ஓட்டை மத ஓட்டு என்று மட்டும் சொல்வது, கடலில் போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சர்ச்சு ஓட்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் கிறிஸ்தவரான மத்தியாஸ் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? ஜெயித்தவர் காமராஜர். 1971-இல் தமிழ்நாடு முழுக்கப் பழைய காங்கிரஸ் தோற்றபோதும் அவரை மட்டும் டெல்லிக்கு அனுப்பியது இந்த ஊர்.

நகரத்துத் தெருக்களில் பேரை வைத்துப் போடும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத் தப்பும். மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருப்பதாகச் சென்சஸ் சொல்கிறது. வயல்களெல்லாம் வீடாகி, ஒரு பேரூராட்சி முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போகிற வீடுகள் இங்கே ஏராளம். 2021-இல் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பாஜகவின் எம்.ஆர். காந்தி ஜெயித்தார். காலில் செருப்புப் போடாமல் தெருத்தெருவாக நடந்து, பல தேர்தலில் தோற்றும் விடாமல் நின்றவர். அவருக்கு விழுந்ததில் அவர் என்கிற ஆளுக்காக விழுந்த ஓட்டும் உண்டு. பத்து மாதம் கழித்து 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். பெரும்பாலும் அதே தெருக்கள், அதே ஜனம். 52 வார்டில் திமுக 24, பாஜக 11. மேயர் நாற்காலியில் திமுகவின் மகேஷ் உட்கார்ந்தார்.

அடுத்த தேர்தலுக்கு நோட்டும் மைக்குமாக வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேரைக் கேட்டதோடு போய்விடாதீர்கள். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ரப்பர் என்ன விலைக்குப் போகிறது, போன தடவை யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். எங்கள் ஆட்கள் பதில் சொல்வார்கள்.