காற்றும் கட்டளையும்

2022 மார்ச்சில் மன்னார், பூநகரிக் காற்றாலைகளைக் கேள்விப்பத்திரம் கோராமலே அதானி நிறுவனத்துக்கு அளிக்க ஓசையின்றி உடன்பாடு எழுதினர். ஜூன் 9இல் போட்டி விலைமனு நிபந்தனையையே நீக்கிச் சட்டம் திருத்தினர். கதவை உடைத்தபின் சாவி செய்வது இதுதான்!

மறுநாள் நாடாளுமன்றக் குழுவின் முன் மின்சார சபைத் தலைவர் பேர்டினாண்டோ, இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி கோட்டாபய தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன் என்று தலைவர் சொல்லை மீட்டார்; சில நாட்களில் பதவியும் துறந்தார்.

எது மெய்? வாய்மொழிக் கட்டளைக்குக் கோப்பு ஏது? 1978இல் பிறந்து, 2020இன் இருபதாம் திருத்தத்தால் கொழுத்த ஜனாதிபதி அதிகாரத்தை, ஏடு காட்டென்று பேசாலை மீனவன் எந்த வாசலில் நின்று கேட்பது? 2025 பெப்ரவரியில் அதானி விலகியது, விலைத் தகராற்றினால். கட்டளை பற்றிய கேள்வியை நாம் இன்னும் விடவில்லை.