லேட்டா வந்தவர் ஃபைனலில் தாங்குவாரா?

பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு லீவு. திருப்பூரில் காலி இடம் கண்ட பக்கமெல்லாம் அன்றைக்கு டென்னிஸ் பால் மேட்ச்தான். நன்றாகப் பந்து போடும் ஒருவரிடம், ‘பெரிய டீமுக்கு முயற்சி பண்ணலையா?’ என்று கேட்டால், ‘இருபத்தஞ்சு தாண்டிருச்சுங்க, இனி எங்கீங்க’ என்று பதில் வரும்.

வருண் சக்ரவர்த்தியும் அந்த வயதில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்தவர்தான். பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். பிறகு சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிப்பு, வேலை. அதை விட்டுவிட்டு வேகப்பந்து போட வந்தார், முழங்காலில் காயம். சரி, ஸ்பின் போடலாம் என்று மாறினார். 2018 டி.என்.பி.எல். கோப்பையை மதுரை வென்றபோது கவனத்துக்கு வந்தவரை, அந்த டிசம்பரில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம்!

ஐ.பி.எல்.லில் அவருடைய முதல் ஓவரில் போனது 25 ரன்.

லேட்டாக வருபவர்களின் சிக்கலே இதுதான். சின்ன வயதிலேயே அணிக்குள் வந்தவர்கள் அண்டர்-16, அண்டர்-19 என்று யாரும் பார்க்காத மைதானங்களில் தோற்றுப் பழகிவிடுவார்கள். இவர் தோற்றுப் பழகியதை ஊரே டி.வி.யில் பார்த்தது. 2021 அக்டோபர் 24, துபாய், டி20 உலகக் கோப்பை, எதிரே பாகிஸ்தான். 4 ஓவரில் 33 ரன், விக்கெட் இல்லை. உண்மையில் அது அவ்வளவு மோசமான கணக்கும் இல்லை. ஆனால் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. அந்தத் தொடரில் 3 மேட்ச் ஆடியும் விக்கெட் எடுக்காத வருண், கிட்டத்தட்ட மூன்று வருடம் இந்திய அணியில் இல்லை.

‘மன உறுதியால் மீண்டார்’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் மாற்றியது பந்தை. பக்கவாட்டில் சுழற்றுவதை விட்டு, மேலிருந்து கீழாகச் சுழற்றப் பழகினார். பந்து எகிறியது, வேகமாக வந்தது. இந்த ஒரு மாற்றத்துக்கே இரண்டு வருடம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

2025 சாம்பியன்ஸ் டிராபிக்குக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டார். முதல் இரண்டு மேட்சில் இடமில்லை. நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட். அரையிறுதியில், 2023 உலகக் கோப்பை ஃபைனலை நம்மிடமிருந்து பறித்த டிராவிஸ் ஹெட், வருணின் முதல் ஓவரிலேயே அவுட். ஃபைனலில் 2 விக்கெட், கோப்பை இந்தியாவுக்கு. அப்போது அவருக்கு வயது 33.

அதே வருடம் செப்டம்பர் 28, ஆசியக் கோப்பை ஃபைனல். மறுபடியும் துபாய், மறுபடியும் பாகிஸ்தான், மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓப்பனர்கள் இருவரும் 84 ரன் சேர்த்து நிலைத்து நின்றார்கள். இருவரையும் வெளியே அனுப்பியது வருண்தான்.