கல்லு மாதிரி இருக்கா?

மே மாதக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்குத் திரும்பும்போது எங்கள் காரில் ஏறும் முதல் சாமான் தெர்மாகோல் பெட்டி. துணிப்பைகள், பிள்ளைகளின் புத்தகங்கள், பனங்கற்கண்டு, கருப்பட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான். பெட்டிக்குள் சீலா மீன் 3 கிலோ, உரித்த இறால் 1 கிலோ, கணவாய் கொஞ்சம். அம்மாவின் கை அரைத்த குழம்பு மசாலாவும் ஒரு டப்பாவில் உறைந்து கிடக்கும். கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, வீட்டு வாசலில் இறக்கும்போது அந்த மீன் அம்மா வீட்டு ஃப்ரீசரில் இருந்தது போலவே இருக்க வேண்டும்.

பெங்களூரில் மீன் கிடைக்காதா என்று என் கணவருடைய அலுவலகத்து நண்பர்கள் கேட்பார்கள். கிடைக்கும். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லும் அதே சீலா, தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஆனால் என் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, இரண்டு துண்டைத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் சரி என்று வாங்கிய மீன் அங்கே கிடைக்காது. அதைத்தான் பதினோரு மணி நேரம் மடியில் வைக்காத குறையாகக் கொண்டு வருகிறோம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருவதுதான் சந்தைக்கு வரும். வரத்து குறைவு, விலை ஏற்றம். அதனால் ஊருக்குக் கிளம்புகிற நாளில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. நல்ல மீன் எந்த நாளில் கரைக்கு வருகிறதோ அந்த நாளில் வாங்க வேண்டும், அன்றைக்கே உறைய வைக்க வேண்டும். அம்மாவுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற அக்கா, "பெங்களூருக்காம்மா? அப்ப இன்னிக்கே வெட்டி இன்னிக்கே ஃப்ரீசர்ல வச்சிருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்பார். பல வருடம் மீன் விற்றவர் சொல்லும் அந்த ஒரு வரியில் பாதி வேலை அடங்கிவிடுகிறது.

எனக்கு அது புரிய நான்கு கிலோ மீனைக் குப்பையில் கொட்ட வேண்டியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. முந்தின நாள் மாலை வாங்கிய மீனை ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் வெளியே கெட்டி. நடுவில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. பெட்டியில் வைத்து, வழியில் வாங்கிய ஐஸை உடைத்து மேலே கொட்டி மூடினேன். அதே பெட்டியில் பிள்ளைகளுக்கு ஜூஸ் பாட்டிலும் தயிர்ச்சாதமும். கரூர் போவதற்குள் ஐந்தாறு முறை மூடியைத் திறந்தாயிற்று. அங்கே சாப்பிட இறங்கியபோது கார் வெட்டவெளியில் ஒரு மணி நேரம் நின்றது. வீட்டுக்கு வந்து பிரித்தால் மீன் கைக்கு மெத்தென்று இருந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர். வாடை லேசாக மாறியிருந்தது.

"கழுவி வறுத்தா சரியாப் போயிரும்" என்று கணவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. சூரை, அயிலை, சாளை, சீலா போன்ற மீன்களில் இயல்பாகவே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூடேறிக் கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அது ஒரு முறை உண்டாகிவிட்டால் வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். வாடையில் தெரியாமலே இருக்கவும் கூடும். நம் வீடுகளில் "மீன் ஒத்துக்கல" என்று சொல்லிவிடுகிற சில தொந்தரவுகளுக்குப் பின்னால் இது இருக்கலாம். பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் சந்தேகம் வந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அன்று இரவு அம்மா போனில், "மீன் நல்லாருந்துச்சா மக்கா?" என்று கேட்டாள். நல்லாருந்துச்சு என்று சொல்லிவிட்டேன். வெயிலில் நின்று வாங்கியவள், வெட்டித் தந்தவள். அவளிடம் வேறு என்ன சொல்ல?

அடுத்த வருடம் கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து யோசித்தேன். அதுவரை நான் பெட்டிக்குள் குளிர்ச்சியைப் போடுவதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பெட்டியின் வேலை வெளிச்சூட்டை மெதுவாக உள்ளே விடுவது. ஐஸின் வேலை, வந்த சூட்டை வாங்கிக்கொண்டு தான் உருகுவது. மகனின் பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று வருகிறதே, அதுதான். ஒரு கிலோ ஐஸ் உருகிப் பூஜ்யம் டிகிரித் தண்ணீராக மாற 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே சூடு ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டு போகும். அவ்வளவு சூட்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஐஸ்.

நானும் மகனும் ஒரு மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் பெட்டி 50 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரம். சுவர் இரண்டரை செ.மீ. வெளியே 30 டிகிரி, உள்ளே பூஜ்யம் என்றால், மணிக்கு சுமார் 400 கிராம் ஐஸை உருக்கும் அளவுக்குச் சூடு சுவர் வழியாக உள்ளே போகிறது. பதினோரு மணி நேரத்துக்கு நாலேகால், நாலரை கிலோ. இது மூடியைத் திறக்காமல் இருந்தால். போன முறை நான் போட்ட ஐஸ் இரண்டு கிலோ இருந்தால் அதிகம்.

இன்னொன்று அதைவிட முக்கியம். வெறும் தண்ணீர் ஐஸ் பூஜ்யம் டிகிரியில் உருகும். மீனில் உப்பும் புரதமும் கலந்திருப்பதால் அது உறைவதே பூஜ்யத்துக்கு ஒன்று, இரண்டு டிகிரி கீழேதான். ஆக, உருகும் ஐஸுக்கு நடுவே மீன் கெடாமல் இருக்கும்; உறைந்தே இருக்காது. கடலிலிருந்து கரைக்கு வரும் மீனுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து மறுபடி ஃப்ரீசரில் வைத்து இரண்டு மாதம் எடுத்துச் சமைக்க நினைப்பவருக்குப் போதாது.

இதற்கு வழி தூத்துக்குடியிலேயே, உப்பளத்திலேயே இருந்தது. பார் ஐஸ் போடும் ஐஸ் கம்பெனியில் தகர டப்பாக்களில் நல்ல தண்ணீரை ஊற்றி, அவற்றை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் தொட்டியில் உள்ள உப்புத்தண்ணீர் உறையாது. டப்பாவில் உள்ளது கட்டியாகிவிடும். குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவதும் இதற்காகவே. உடைத்த ஐஸ் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு கலந்தால் -21 டிகிரி வரை இறங்கும்.

அம்மாவிடம் சொன்னேன். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர், அதில் மூன்று மேசைக்கரண்டி கல்லுப்பு. உறையும்போது தண்ணீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும் என்பதால் கழுத்து வரை நிரப்பக் கூடாது. இப்படி ஆறு பாட்டில், இரண்டு நாள் முன்னதாகவே ஃப்ரீசரில். வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரியில் இருக்கும். அதில் இந்தத் தண்ணீர் முழுக்கக் கல்லாக இறுகாது, நடுவில் கொஞ்சம் சகதி போல இருக்கும். பரவாயில்லை. பெட்டிக்குள் அது உருகுவது மைனஸ் டிகிரிகளில். அது உருகி முடிகிற வரை மீன் இளகாது. பாட்டில்களின் வெளிப்புறத்தில் உப்பு என்று பேனாவால் எழுதி வைத்தேன், பிள்ளைகள் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடக் கூடாதே.

மீனை வைக்கும் முறையும் மாறியது. துண்டு போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, கவரில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றைக் கையால் நீவி வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைக்கிறோம். தட்டையாக இருப்பது சீக்கிரம் உறையும். மெதுவாக உறையும் மீனுக்குள் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். பிறகு இளகும்போது சாறெல்லாம் தண்ணீராக வடிந்து, துண்டு சக்கையாகிவிடும். பழைய மூட்டையில் வந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் அதுதான். எல்லாக் கவரையும் ஒரே நேரத்தில் அடுக்காமல், முதல் நாலு கவர் உறைந்த பிறகு அடுத்த நாலு. புதிதாக வைப்பது ஏற்கெனவே உறைந்ததை இளக்கிவிடக் கூடாது. இறாலை மட்டும் டப்பாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்போம். பனிக்கட்டியே அதற்கு உறை.

கிளம்பும் அன்று அடியில் உப்பு பாட்டில், நடுவில் செங்கல் அடுக்குவது போல மீன், மேலே மறுபடி உப்பு பாட்டில், பக்கங்களில் வெறும் தண்ணீர் பாட்டில். மிச்சம் இருக்கிற சந்துகளில் செய்தித்தாளைச் சுருட்டித் திணிக்கிறோம். உள்ளே காற்று ஓடக் கூடாது. மூடியைச் சுற்றி அகல டேப். 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பிய ஃபிரெடரிக் டியூடர் செய்ததும் இதே வேலை: பெரிய கட்டிகளாக நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூள். 180 டன்னில் 100 டன் போல, நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் கரையேறியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்டக் கட்டடம் அவருடைய ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஃப்ரீசர் என்ற சாமானே இல்லாத காலத்தில் ஒரு குளிர்ச்சியை இவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கிறார்களே என்று நின்று பார்க்கத் தோன்றும்.

காரில் பெட்டியின் இடம் பின்சீட்டுக் கால்வைப்பில், ஏசி காற்று எட்டுகிற இடத்தில். டிக்கியில் வைத்தால் செடான் காரில் ஏசி அங்கே போகாது. பெட்டியின் மேல் அம்மாவின் பழைய நூல் போர்வையை மடித்துப் போடுவோம். குடிக்கிற ஜூஸுக்கும் தயிருக்கும் வேறு சின்னப் பெட்டி. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் வெயில் உறைக்கும் முன் பாதி தூரம் தாண்டிவிடலாம். நாமக்கல்லில் சாப்பிட நிறுத்தினால் கடையின் ருசிக்கு முன்னால் வாசலில் வேப்பமரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தொப்பூர் கணவாய் ஏறிவிட்டால் காற்றே மாறிவிடும். அதற்குப் பிறகு எனக்குக் கவலை பாதி குறையும்.

உலர் ஐஸ் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது -78 டிகிரிக் குளிர். ஆனால் உருகித் தண்ணீராகாமல் நேரே கரியமில வாயுவாகும். கண்ணாடி ஏற்றிய காருக்குள், பிள்ளைகள் தூங்கும்போது, அது வேண்டவே வேண்டாம்.

ஒரு சோதனை மட்டும் எப்போதும் செய்கிறேன். சின்ன மருந்து பாட்டிலில் பாதிக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, நிற்க வைத்து உறைய வைப்பேன். கிளம்பும்போது அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மீன் நடுவில் செருகிவிடுவேன். வழியில் எங்காவது உருகியிருந்தால் ஐஸ் மூடிப்பக்கம் இறங்கியிருக்கும். இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பதினோரு மணி நேரத்தில் பெட்டி பூஜ்யத்தைத் தாண்டி வரவே இல்லை என்று பொருள்.

இந்த வருடம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் டேப்பைக் கிழித்தேன். மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஐஸ் மேலேயே நின்றது. மகள் கைதட்டினாள். இரண்டு கவரை ஒன்றோடொன்று தட்டினேன். ஓடு மாதிரி சத்தம் கேட்டது. போனை எடுத்தேன்.

"கட்டியா இருக்கா மக்கா?"

"கல்லு மாதிரி இருக்கும்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்த நாலு வருடத்துக்கு முந்தின மீனைப் பற்றிச் சொன்னேன், குப்பையில் கொட்டியதையும் நல்லாருந்துச்சு என்று பொய் சொன்னதையும்.

"தெரியும்ளா. நல்லாருந்தா எந்தத் துண்டு, எந்தக் குழம்புன்னு நீயே சொல்லிருப்ப" என்றாள். "பெட்டியக் கழுவி நல்லா காயவை. அடுத்த மாசம் அப்பா வாறாங்க. வரும்போது எடுத்துக் குடுத்துவிடு. தடைக்காலம் முடிஞ்சிரும்லா, நல்ல விளமீன் வரும்."