டிஷ்வாஷர் ரிப்பேரா? முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க

"நாகலாபுரத்துல டிஷ்வாஷரா?"ன்னு சிரிக்காதீங்க. சென்னை, பெங்களூர்ல வேலை பார்க்கிற பிள்ளைங்க அம்மாவுக்கு வாங்கி அனுப்புற சாமான்கள்ல இப்போ அதுவும் சேர்ந்துடுச்சு. ஆனா கொஞ்ச நாள்லயே சில வீடுகள்ல அது மேல மளிகை டப்பா ஏறிடுது. கேட்டா, "அது ரிப்பேர்". அம்மா பழையபடி சிங்க் முன்னாடி நிற்பாங்க.

நம்ம ஊரில் இந்த மெஷின் மக்கர் பண்ணினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. அதைச் சோதிக்கத் தேவையான பாடம் முழுக்க நமக்கு முதல் வருஷத்திலேயே நடத்தியாச்சு. பரீட்சையோடு அதை மூட்டை கட்டி வைப்பதுதான் தப்பு என்பது என் கருத்து.

கரிசல் காட்டு போர்த் தண்ணியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெள்ளையாகப் படியும். காரணம் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். டிஷ்வாஷருக்குள் இதற்காகவே ரெசின் நிரப்பிய ஒரு சாஃப்ட்னர் இருக்கு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசல்தான் அதைக் கழுவி மறுபடி தயாராக்கும். டிஷ்வாஷர் உப்பு தனியாக விற்பது இதுக்குத்தான். சமையல் தூள் உப்பைக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். உப்பே போடாமல் ஓட்டினால் கண்ணாடி டம்ளர் புகை படிந்த மாதிரி ஆகும், ஹீட்டரிலும் தெளிப்பான் துளைகளிலும் சுண்ணாம்பு ஏறும்.

எவ்வளவு கடினம்னு மெஷினில் செட் பண்ணணும். அந்த எண்ணை எங்கே பிடிப்பது? கெமிஸ்ட்ரி லேபில் ஈடிடிஏ டைட்ரேஷன் செய்தோமே, சிவப்பு நீலமாக மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டோமே, அதே சோதனைதான். வரும் விடையை 17.8-ஆல் வகுங்க. பல மேனுவல்களில் போட்டிருக்கும் ஜெர்மன் டிகிரி கணக்கு அதுதான். லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் கிட்டத்தட்ட 34 டிகிரி. குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவும் அந்த 600தான்.

அடுத்து, "தண்ணி வரல"ன்னு எர்ரர் காட்டினால் போர்டைக் குறை சொல்லாதீங்க. எங்க தெருவில் ஒரு அத்தை வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர் போர்டு மாத்தணும்னு சொல்லிட்டுப் போனார். கடைசியில் பார்த்தால் குழாய் இணையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் மண். கழுவி மாட்டியதும் ஓடிச்சு. பிரஷரையும் பாருங்க. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். ஒத்தை மாடி வீட்டு டேங்க் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். பல மெஷின்களுக்கு அது விளிம்பு அளவு.

தண்ணி வெளியேறலையா? அடி ஃபில்டரைக் கழற்றுங்க. முருங்கைச் சக்கை, எலுமிச்சை விதை ஏதாவது சிக்கியிருக்கும். சூடே ஆகலையா? பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் வயரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைங்க. 2000 வாட் ஹீட்டர் என்றால் 230-இன் வர்க்கத்தை 2000-ஆல் வகுத்து சுமார் 26 ஓம் வரணும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் போச்சு. ரெண்டு மார்க்குக்கு எழுதிய ஃபார்முலா!

"வாரண்டி போயிடுமே, ஷாக் அடிக்குமே"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். வாரண்டி இருக்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். ஆனால் வலை, ஃபில்டர், உப்பு இதெல்லாம் பயன்படுத்துபவரே பார்க்க வேண்டியவை. கரண்ட் சம்பந்தப்பட்டதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்க.

உதிரி பாகம் கிடைக்கணும் என்பது தனிப் போராட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிஷ்வாஷர் பாகங்களை, பாகத்தைப் பொறுத்து, 7 அல்லது 10 வருஷம் கிடைக்கச் செய்வது கட்டாயம். இந்தியாவில் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' போர்டல் தொடங்கினாங்க. நல்ல ஆரம்பம். ஆனா எந்தப் பாகம் பழுதுன்னு சொல்லத் தெரியாதவருக்கு உரிமை இருந்து என்ன பயன்?

சொட்டுத் தண்ணிக்கு அலையும் ஊரில், ஒரு சுற்றுக்குப் பத்து லிட்டர் அளவில் பாத்திரம் கழுவும் மெஷின் ஆடம்பரம் இல்லை. அது முடங்கினால் அந்த வேலை யார் தலையில் விழுதுன்னு நமக்குத் தெரியும்.

அதனால் ஒரு கோரிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை நம்ம கெமிஸ்ட்ரி லேபையும் எலக்ட்ரிக்கல் லேபையும் ஊர்க்காரங்களுக்குத் திறந்து விடணும். ஆசிரியர் மேற்பார்வையில் நாம தண்ணி சோதிப்போம், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எது வந்தாலும் பார்ப்போம். அதுவரைக்கும், அடுத்த வாரம் ஊருக்குப் போறவங்க உங்க வீட்டு போர்த் தண்ணியை ஒரு பாட்டில் பிடிச்சிட்டு வாங்க. கணக்கை இங்கே போட்டுக்கலாம்.